தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் க்ரூஸர் பைக் வாங்கப்போகிறவர்களுக்கு

நம் பக்கம் க்ரூஸர் (தாழ்வான இருக்கையில் உட்கார்ந்து காலை முன்னால் நீட்டி ஓட்டுகிற நீளமான பைக்) வாங்க ஷோரூம் படியேறுகிறவர்கள் பெரும்பாலும் வண்டி ஓட்டப் புதியவர்கள் கிடையாது. வருஷக்கணக்கில் ஸ்பிளெண்டரிலோ பல்சரிலோ ஓசூருக்கும் சேலத்துக்கும் போய்வந்து கை பழகியவர்கள். பிள்ளைகள் வளர்ந்தாச்சு, கையில் கொஞ்சம் காசு சேர்ந்தாச்சு, இனி நமக்குப் பிடித்த வண்டி ஒன்று வாங்கலாம் என்று கிளம்புகிறார்கள். நியாயமான ஆசை. ஆனால் எத்தனை வருஷம் ஓட்டியிருந்தாலும் க்ரூஸருக்கு நீங்கள் புது ஆள்தான். உட்காரும் விதம் வேறு, திருப்பும் விதம் வேறு, பிரேக் பிடிப்பதும் கொஞ்சம் வேறு. அதனால்தான் இதை விலாவாரியாக எழுதுகிறேன்.

யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். இன்ஜின் எத்தனை சிசி, பிக்கப் எப்படி என்பதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் அந்த வண்டியின் எடையை உங்களால் சமாளிக்க முடிகிறதா என்று பாருங்கள். ஸ்பிளெண்டர் பிளஸ் 112 கிலோ. ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350 வண்டி 191 கிலோ. சூப்பர் மீட்டியார் 650 என்றால் 241 கிலோ. நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது; கனமான வண்டிதான் அங்கே நிம்மதியாக இருக்கும். தர்மபுரி நாலு ரோட்டில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் நின்று நின்று நகரும்போதும், வீட்டு வாசல் சரிவில் பின்னால் தள்ளும்போதும், ஜல்லி கொட்டிய கிராமத்துச் சாலையில் யூ டர்ன் அடிக்கும்போதும்தான் அந்த எடை முழுசாகத் தெரியும். வாங்கிய கொஞ்ச நாளில் க்ரூஸரை விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓட்டம் பிடிக்காமல் விற்றவர்கள் குறைவு, நிறுத்தி எடுக்க முடியாமல் விற்றவர்களே அதிகம்.

எந்தச் சாலையில், யாரோடு

ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு தாளை எடுத்து, ஒரு மாதத்தில் எங்கெல்லாம் வண்டியில் போகிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள். போக ஆசைப்படும் இடங்களைத் தனியாக எழுதுங்கள். இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

நம் இரண்டு மாவட்டத்திலும் சாலைகள் பலவிதம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரி என்று 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் போவது க்ரூஸருக்கென்றே போட்ட சாலை மாதிரி. டோல்கேட்டில் இருசக்கர வண்டிக்குக் கட்டணமும் கிடையாது. பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூர் போவதும் சுகமான ஓட்டம்தான். வாரத்தில் பாதி நாள் இந்தச் சாலைகளில் போகிறவருக்கு எந்த க்ரூஸரும் ஒத்துவரும்.

தொப்பூர் கணவாய் வேறு கதை. தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது அது நீண்ட இறக்கம், வளைவுகளும் உண்டு. டீசல் மிச்சமாகும் என்று லாரிகளை நியூட்ரலில் விட்டு, பிரேக் பிடிக்காமல் போய் நடந்த விபத்துகள் அங்கே ஏராளம். அந்த வழியாக அடிக்கடி சேலம் போகிறவர் நல்ல பிரேக்கும் இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ்ஸும் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டி வழுக்காமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியைத்தான் பார்க்க வேண்டும். இதில் சமரசம் வேண்டாம்.

பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல்லுக்கு இறங்கும் காட்டுப் பாதை, வத்தல்மலை, சேலத்தைக் கடந்தால் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகள், திருப்பத்தூர்ப் பக்கம் ஏலகிரியின் 14 வளைவுகள் எல்லாம் நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. க்ரூஸரில் போகலாம், நானும் போகிறேன். ஆனால் நீளமான வண்டி, கால் வைக்கும் பெக்குகள் முன்னால் தாழ்வாக இருக்கும். வளைவில் பல்சரைச் சாய்க்கிற அளவுக்குச் சாய்த்தால் பெக் தரையில் உரசும். அது வண்டியின் குறை இல்லை, அதன் அமைப்பே அப்படித்தான். மலைப்பாதையில் வேகமாக வளைத்து ஓட்டுவதுதான் உங்கள் சந்தோஷம் என்றால் க்ரூஸர் வேண்டாம், வேறு வகை வண்டி பாருங்கள்.

அடுத்தது வேகத்தடை. நம் கிராமச் சாலைகளில் ஊர்க்காரர்களே போட்ட வேகத்தடைகள் திடீரென்று முளைத்திருக்கும், உயரமும் கன்னாபின்னா. சாதாரண வண்டியில் கால் உங்களுக்கு நேர் கீழே இருக்கும். பள்ளம் வந்தால் பெக்கில் அழுத்தி இடுப்பைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். க்ரூஸரில் கால் முன்னால் நீட்டியிருப்பதால் அப்படித் தூக்க முடியாது. அடி நேராக முதுகுத்தண்டில் இறங்கும். ஏற்கெனவே இடுப்பு வலி, டிஸ்க் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள். தரைக்கும் வண்டி வயிற்றுக்கும் இடையிலுள்ள உயரத்தையும் கவனியுங்கள்: மீட்டியார் 350இல் 170 மி.மீ., சூப்பர் மீட்டியாரில் 135 மி.மீ. இருவர் உட்கார்ந்தால் இன்னும் இறங்கும். உங்கள் ஊருக்குள் போகிற வழியில் பெரிய வேகத்தடை இருந்தால் இந்த 35 மி.மீ. வித்தியாசம் தினமும் கண்ணுக்குத் தெரியும்.

பின்னால் யார் உட்காரப் போகிறார்கள் என்பதும் முக்கியம். வீட்டில் உள்ளவர்களை விட்டுவிட்டு இந்த முடிவை எடுக்காதீர்கள். நிறைய க்ரூஸர்களில் ஓட்டுகிறவர் இருக்கை சோபா மாதிரி இருக்கும், பின்சீட்டு கைக்குட்டை அளவுதான். சேலை கட்டி ஒருபக்கமாக உட்கார்ந்து வருகிறவருக்குக் கால் வைக்கும் இடம், பிடித்துக்கொள்ளும் கைப்பிடி, சேலை கார்டு மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று அவரையே உட்காரவைத்துப் பாருங்கள். ஷோரூமில் ஐந்து நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

350 சிசி என்ற கோடு

இப்போது எந்த வண்டி என்ற கேள்விக்கு வரலாம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறிவிட்டது. 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு 28 சதவீதமாக இருந்த வரி 18 ஆனது. 350ஐத் தாண்டினால், முன்பு செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 31 சதவீதமாக இருந்தது 40 ஆகிவிட்டது. இன்சூரன்ஸிலும் இதே கோடு உண்டு. புது வண்டிக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022இல் நிர்ணயித்த கட்டணப்படி, 150 சிசிக்கு மேல் 350 வரை 7,365 ரூபாய். 350ஐத் தாண்டினால் 15,117 ரூபாய். ஆக, இன்ஜின் அளவில் ஒரே ஒரு படி ஏறும்போது வரி, காப்பீடு இரண்டும் சேர்ந்து ஏறுகின்றன. பிறகு டயர், செயின், பிரேக் பேடு என்று ஒவ்வொன்றும் அந்தப் படிக்குத் தகுந்த விலையில்தான் இருக்கும்.

கோட்டுக்குக் கீழே முதலில் பஜாஜ் அவெஞ்சர் 220. 163 கிலோ, இருக்கை உயரம் 737 மி.மீ. க்ரூஸர் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள இதைவிட எளிதான வண்டி கிடையாது. உயரம் குறைந்தவர்களுக்கும் இரண்டு காலும் முழுசாகத் தரையில் ஊன்றும், கிராமத்து மெக்கானிக்கும் கை வைப்பார். முன் சக்கரத்துக்கு மட்டும்தான் ஏபிஎஸ். நெடுஞ்சாலையில் 80, 90 தாண்டி வெகுநேரம் ஓட்டினால் சிரமப்படும். தினமும் ஊருக்குள் ஓட்டிவிட்டு மாதம் ஒருமுறை ஒகேனக்கல் போகிறவருக்கு இதுவே போதும்.

மீட்டியார் 350 பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கம் க்ரூஸர் கேட்கிற பத்துப் பேரில் பாதிப் பேராவது கடைசியில் இதில்தான் வந்து நிற்கிறார்கள். 2020 நவம்பரில் வந்த வண்டி. 349 சிசி, சுமார் 20 குதிரைத்திறன், 27 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவைத் திறன்). இருக்கை 765 மி.மீ. உயரம், ஸ்பிளெண்டரைவிடவும் தாழ்வு. டேங்க் 15 லிட்டர், இரு சக்கர ஏபிஎஸ், சென்டர் ஸ்டாண்டும் உண்டு. 20 குதிரைத்திறன் என்றதும் குறைவாகத் தோன்றும். ஆனால் இந்த இன்ஜின் குறைந்த சுழற்சியிலேயே இழுவை கொடுக்கிற மாதிரி அமைத்தது. அடிக்கடி கியர் மாற்றாமல் மேட்டில் ஏறும், 80 கி.மீ. வேகத்தில் நாள் முழுக்கப் போனாலும் அலுப்புத் தெரியாது. 110ஐத் தொட்டு ஓட்டுகிறவருக்கு இது ஏமாற்றம்தான். பழைய புல்லட்டை மனசில் வைத்து அதிர்வுக்குப் பயப்பட வேண்டாம், அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் இதில் இருக்கிறது.

ஜாவா 42 பாபர், பெராக் இரண்டும் 334 சிசி, லிக்விட் கூலிங். பார்க்க அள்ளிக்கொண்டு போகும். ஆனால் தனியாள் வண்டி. வீட்டில் இன்னொரு வண்டி இருந்தால் மட்டும் யோசியுங்கள். ஹோண்டா ஹைனெஸ் சிபி350, ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ்ஸின் ரோனின் இரண்டையும் சிலர் க்ரூஸர் என்று நினைத்துப் போகிறார்கள். நல்ல வண்டிகள்தான், ஆனால் இருக்கை 800 மி.மீ.க்குப் பக்கம், உட்காரும் விதமும் க்ரூஸர் மாதிரி இருக்காது. முதுகு ஒத்துழைக்காதவர்களுக்கு இவைதான் சரி என்றுகூடச் சொல்வேன்.

கோட்டுக்கு மேலே சூப்பர் மீட்டியார் 650. 2023 ஜனவரியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 648 சிசி, இரண்டு சிலிண்டர், சுமார் 47 குதிரைத்திறன். கிருஷ்ணகிரி ரவுண்டானாவைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறி த்ராட்டிலைத் திறந்தால் அதன் அருமை தெரியும். இருக்கை 740 மி.மீ. என்பதால் உட்கார்ந்ததும் சின்ன வண்டி போலத்தான் தோன்றும். அதை நம்பாதீர்கள், 241 கிலோ என்பதை இறங்கித் தள்ளிப் பார்த்தால்தான் தெரியும். கவாசாகி எலிமினேட்டர் 451 சிசி, 176 கிலோதான், ஓட்ட அவ்வளவு இலகு. விலைதான் 5 லட்சத்தைத் தாண்டும். அதன் சர்வீஸுக்கு எங்கே போக வேண்டும் என்று விசாரித்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

எந்த வண்டியானாலும், சர்வீஸ் சென்டருக்கு ஒரு சனிக்கிழமை காலையில் சும்மா போய் நில்லுங்கள். அங்கே வண்டியை விட வந்தவர்களிடம் பேச்சுக்கொடுங்கள். எத்தனை நாளில் வண்டி திரும்பக் கிடைக்கிறது, உதிரிபாகம் ஆர்டர் போட்டால் எத்தனை நாள் என்று அவர்கள் சொல்வதை எந்த விளம்பரமும் சொல்லாது.

டெஸ்ட் ரைடு

ஷோரூம் வாசலிலிருந்து அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்வருவது டெஸ்ட் ரைடு ஆகாது. உரிமம், ஹெல்மெட், ஷூ சகிதம் போங்கள். அரைமணி நேரமாவது வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். கூட்டமில்லாத நாளில் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். தர மறுக்கிற இடத்தில் இரண்டு லட்சம் கொடுக்க வேண்டிய அவசியம் உங்களுக்கில்லை.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பாதி வேலை இருக்கிறது. சைடு ஸ்டாண்டை எடுத்து, வண்டியை நேராக நிறுத்தி, இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துப் பாருங்கள். எந்த இடத்தில் கை நடுங்குகிறது என்று கவனியுங்கள். பிறகு இறங்கி, இடுப்பை டேங்க்கோடு ஒட்டி, இருபது அடி முன்னால் தள்ளி, இருபது அடி பின்னால் இழுங்கள். பென்னாகரம் பக்கம் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் வீட்டு வாசல் தெருவிலிருந்து உள்நோக்கிச் சரியும். அவர் பெரிய க்ரூஸர் ஒன்றை முன்பக்கமாக உள்ளே விட்டு நிறுத்துவார், காலையில் அந்தச் சரிவில் பின்னால் ஏற்றுவதற்குள் கை விட்டுப்போகும், பையனைக் கூப்பிடாமல் வண்டி வெளியே வராது. இன்று பின்பக்கமாக இறக்கி நிறுத்தப் பழகிவிட்டார். உங்கள் வாசல் எந்தப் பக்கம் சரிகிறது, வண்டியை எப்படித் திருப்பி நிறுத்துவீர்கள் என்பதை வாங்கும் முன்பே நினைத்துப் பார்த்துவிடுங்கள். முடிந்தால் டெஸ்ட் ரைடு வண்டியை வீடுவரை கொண்டுபோய் ஒருமுறை உள்ளே விட்டு எடுங்கள்.

கிளம்பிய பிறகு, முதலில் நடைவேகத்தில் நேராகப் போங்கள். பாதி கிளட்ச்சில், பின் பிரேக்கை லேசாகத் தொட்டபடி, தலையை நிமிர்த்திப் போக வேண்டும். அப்படியே வலப்பக்கம் ஒரு யூ டர்ன், இடப்பக்கம் ஒரு யூ டர்ன். க்ரூஸரின் முன் ஃபோர்க் கொஞ்சம் முன்னால் நீட்டியிருக்கும், இரண்டு சக்கரத்துக்கும் இடைவெளி அதிகம். நேர்சாலையில் நிலையாக நிற்பது அதனால்தான், திரும்ப அதிக இடம் கேட்பதும் அதனால்தான். திரும்பும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் ஹேண்டில் மடங்கி வண்டி படுத்துவிடும். அந்த வேகத்தில் பின் பிரேக் மட்டும்.

சாலை காலியாக இருக்கும் இடத்தில் 50 கி.மீ. வேகத்திலிருந்து இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிறுத்திப் பாருங்கள். பின்னால் வண்டி வரவில்லை என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான். சாதாரண வண்டியில் முன் பிரேக்கிலேயே எல்லாவற்றையும் முடிக்கப் பழகியிருப்போம். க்ரூஸரில் ஓட்டுகிறவர் பின்தள்ளி உட்கார்வதால் பின்சக்கரத்தில் எடை அதிகம், பின் பிரேக்குக்கு நல்ல பிடி கிடைக்கும். முன் பிரேக்தான் இன்னமும் பலசாலி, ஆனால் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் பழக்கம் வேண்டும். ஒரு வேகத்தடையை 15 கி.மீ. வேகத்தில் ஏறி இறங்குங்கள், முதுகு என்ன சொல்கிறது என்று கேளுங்கள். பிறகு பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு அதே வேகத்தடை. அடி பலமாக இருந்தால், பின்பக்க ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங் இறுக்கத்தை ஒரு படி மாற்றித் தரச் சொல்லித் திரும்ப ஓட்டுங்கள்.

திரும்பி வந்து இறங்கியதும் முடிவு சொல்லாதீர்கள். வீட்டுக்குப் போய்ப் படுத்து எழுந்து, மறுநாள் காலையில் இடுப்பும் மணிக்கட்டும் எப்படி இருக்கின்றன என்று பார்த்த பிறகு பேசுங்கள்.

விலைச் சீட்டை வரிவரியாகப் படியுங்கள்

ஆன்ரோடு விலை என்று ஒரே ஒரு எண்ணைச் சொன்னால் ஏற்காதீர்கள். கொட்டேஷனை எழுத்தில், பிரித்துப் பிரித்து வாங்குங்கள். எக்ஸ்ஷோரூம் விலை கம்பெனி நிர்ணயித்தது, அதில் ஜிஎஸ்டி சேர்ந்தே இருக்கும். அடுத்தது ஆயுட்கால வரி. 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 1 லட்சம் ரூபாய் வரையுள்ள வண்டிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். 2 லட்சம் ரூபாய் வண்டிக்கு சுமார் 24,000 ரூபாய், 4 லட்சத்துக்கு 48,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 300 ரூபாய், ஆர்சி ஸ்மார்ட் கார்டுக்கு 200, கடனில் வாங்கினால் அதைக் குறிக்க 500. ஆர்டிஓ செலவு என்று இதற்கெல்லாம் சேர்த்து மொத்தமாக ஏழாயிரம், எட்டாயிரம் எழுதியிருந்தால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். மோட்டார் வாகன விதிகளில் அப்படி ஒரு கட்டணம் கிடையாது. எனக்கே ஓரிடத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, அதே தொகையை ‘எசென்ஷியல் கிட்’ என்ற பெயரில் கீழே எழுதித் தந்தார்கள். எழுந்து வந்துவிட்டேன். டெஃப்லான் பூச்சு, சீட் கவர், கூடுதல் ஹாரன் எல்லாம் உங்கள் விருப்பம், கட்டாயம் இல்லை. லெக் கார்டு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். நின்ற இடத்தில் வண்டி சாய்ந்தால் டேங்க்கையும் உங்கள் காலையும் காப்பது அதுதான். வண்டியோடு ஐஎஸ்ஐ முத்திரை ஹெல்மெட் ஒன்று தரவேண்டும் என்பது விதி, கேட்டு வாங்குங்கள். பின்னால் உட்காருகிறவருக்கு நல்லதாக இன்னொன்று வாங்கிவிடுங்கள்.

இன்சூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. வெளியிலும் ஒரு விலை கேட்டுவிட்டு வந்து காட்டினால், அவர்களே குறைப்பார்கள். மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருஷம், சொந்தச் சேதத்துக்கு ஒரு வருஷம் என்று எடுத்தால் போதும். முதல் சில வருஷமாவது ஜீரோ டெப்ரிசியேஷன் (க்ளெய்மில் பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத வசதி) சேர்த்துக்கொள்ளுங்கள். உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் அதைச் சொல்லுங்கள், இரண்டாவது முறை கட்ட வேண்டாம்.

ஓசூர்க்காரர்கள் சிலர் பெங்களூரில் சலுகை அதிகம் என்று அங்கே பார்க்கிறார்கள். கர்நாடகத்தில் சாலை வரி நம்மைவிட அதிகம். அங்கே பதிவு செய்த வண்டியை நம் ஊருக்கு மாற்ற என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கி, இங்கே மறுபடி வரி கட்டி, அங்கே கட்டியதைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். முகவரி இங்கே இருந்தால் இங்கேயே வாங்கிவிடுங்கள். தர்மபுரி டிஎன் 29, கிருஷ்ணகிரி டிஎன் 24, ஓசூர் டிஎன் 70.

கடன் வாங்குகிறவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: வட்டி ஃபிளாட்டா (கடைசிவரை முழுக் கடனுக்குமா), குறையும் பாக்கிக்கா? ஒன்றரை லட்சத்துக்கு 9 சதவீத ஃபிளாட் வட்டியில் மூன்று வருஷம் என்றால் வட்டி மட்டும் 40,500 ரூபாய். மாதத் தவணை சுமார் 5,292. மாதாமாதம் குறையும் பாக்கிக்குக் கணக்குப் போட்டால் அது 16 சதவீதத்துக்கு மேல் வரும். உங்கள் சொந்த வங்கியில் கேட்டுவிட்டு, பிறகு ஷோரூம் மேசையில் உட்காருங்கள்.

டெலிவரி

ஆடியில் நம் ஊரில் வண்டி எடுக்க மாட்டார்கள். அதனாலேயே ஆடியில் பேரம் பேசுவது எளிது. புக் செய்து விலையை எழுத்தில் வாங்கிவிட்டு, ஆவணியில் நல்ல நாள் பார்த்து எடுக்கலாம். ஆயுத பூஜை அன்று எடுப்பதைத்தான் நான் யாருக்கும் சொல்வதில்லை. அன்று ஒரே நாளில் அத்தனை வண்டிகளைக் கழுவி மாலை போட்டு அனுப்புகிற அவசரத்தில் எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது. வேண்டுமென்றால் முன்கூட்டியே எடுத்துவிட்டு, பூஜையை அன்று அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் போட்டுக்கொள்ளுங்கள்.

முழுப் பணம் கட்டும் முன், உங்களுக்கென ஒதுக்கிய வண்டியின் சேசிஸ் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். விற்பனைச் சான்றான படிவம் 21இல் வண்டி தயாரான மாதமும் வருஷமும் இருக்கும். ஜனவரியில் எடுக்கும் வண்டி போன வருஷத்தில் தயாரானது என்றால், ஆர்சியில் அந்தப் பழைய வருஷம்தான் பதிவாகும், விற்கும்போது விலை குறையும். அதற்குத் தகுந்த தள்ளுபடி கேளுங்கள், இல்லாவிட்டால் வேறு வண்டி கேளுங்கள்.

வண்டியைப் பகல் வெளிச்சத்தில், வெளியே நிறுத்திப் பாருங்கள். டயர் பக்கவாட்டில் சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றிருந்தால் 2025ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்த டயர். இரண்டு டயரையும் பாருங்கள், வண்டியின் மாதத்தோடு ஒத்துப்போக வேண்டும். முன் ஃபோர்க் குழாயில் விரலை வைத்துத் தடவினால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. டேங்க்குக்கு அடியில் குனிந்து பெயிண்ட் பார்க்கலாம். கீறல் இருந்தால் பெரும்பாலும் ஹேண்டில் முட்டும் இடத்தில்தான் இருக்கும். ஓடோமீட்டரில் சில கிலோமீட்டர்தான் காட்ட வேண்டும். பிறகு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி கேபிள் இழுபடுகிறதா என்று பாருங்கள். எல்லா விளக்கு, ஹாரன், இரண்டு சாவி, டூல் கிட், சர்வீஸ் புத்தகம் எல்லாம் கைக்கு வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். நிரந்தரப் பதிவெண்ணும் உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டும் இல்லாமல் வண்டியை வெளியே எடுக்க அவசரப்பட வேண்டாம்.

முதல் ஆயிரம் கிலோமீட்டர்

முதல் சில நாட்கள் ஊருக்கு வெளியே, அதிகாலையில் ஓட்டுங்கள். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அணைப் பக்கம், தர்மபுரிக்காரர்களுக்கு பாலக்கோடு சாலை. ஒரே வேகத்தில் வெகுநேரம் போகாமல் ஏற்றி இறக்கி ஓட்டினால் இன்ஜின் நன்றாகப் பதமாகும். மைதானத்தில் யூ டர்ன், எட்டுப் போடுவது, அவசர பிரேக் மூன்றையும் பழகுங்கள். எட்டு என்றதும் உரிமம் எடுத்த நாள் ஞாபகம் வரும். இந்த எடையில் அது வேறு வேலை.

பின்னால் ஆளை ஏற்றுவதை ஒரு வாரம் கழித்துத் தொடங்குங்கள். தொப்பூர் இறக்கத்தில் முதல்முறை இறங்கும்போது மூன்றாவது கியரில், தேவைப்பட்டால் இரண்டாவதில் போட்டு இன்ஜினே வண்டியை இழுத்துப்பிடிக்க விடுங்கள். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு குறையும். கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டோ நியூட்ரலிலோ இறங்கவே கூடாது. பாரம் ஏற்றிய லாரிக்கு முன்னால் மாட்டிக்கொள்ளாமல், ஓரமாக ஒதுங்கி அதைப் போகவிட்டு, இடைவெளி விட்டுப் பின்னால் வாருங்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை காட்டுச் சாலைக்கு இருட்டும் நேரத்தில் போகாதீர்கள், யானை நடமாட்டம் உள்ள பகுதி. சத்தம் போடும் சைலன்சரை அங்கே மட்டுமல்ல, எங்கேயும் மாட்ட வேண்டாம். சட்டப்படியும் தப்பு, வாரன்டியும் சிக்கலாகும்.

முதல் சர்வீஸ் பெரும்பாலும் 500லிருந்து 1,000 கி.மீ.க்குள் வரும். கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் நாள் கணக்கு உண்டு, புத்தகத்தில் பாருங்கள். எண்ணெய் மாற்றுவதோடு செயின் தளர்வு, கிளட்ச் கேபிள், ஹேண்டில் போல்ட்டுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். செயினுக்கு 500 கி.மீ.க்கு ஒருமுறை லூப் (மசகு ஸ்பிரே) அடியுங்கள், புழுதிச் சாலையில் ஓட்டினால் அதற்கும் முன்பே. தனியாகப் போவதற்கும் இருவர் போவதற்கும் பின் டயர் காற்று வேறு வேறு அளவு. அந்த இரண்டு எண்ணையும் போனில் குறித்து வைத்துக்கொண்டால் பங்க்கில் யாரையும் கேட்க வேண்டாம். கம்பி ஸ்போக் சக்கரம் என்றால் உள்ளே பெரும்பாலும் டியூப் இருக்கும். பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். அலாய் சக்கரம், டியூப்லெஸ் டயர் உள்ளவர்கள் ஒரு பஞ்சர் கிட்டும் சின்ன பம்ப்பும் வண்டியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

ஆர்சி கைக்கு வந்ததும் பெயர், முகவரி, சேசிஸ் எண், தயாரிப்பு மாதம் நான்கையும் படிவத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் உடனே சொல்லித் திருத்துங்கள், நாளானால் அலைச்சல் அதிகம். கடனில் எடுத்தவர்கள் கடைசித் தவணை முடிந்ததும் நிதி நிறுவனத்திடம் என்ஓசியும் கையெழுத்திட்ட படிவம் 35ம் வாங்கி ஆர்டிஓவில் கொடுத்து, ஆர்சியிலிருந்து எச்பி என்ற கடன் குறிப்பை நீக்கிவிடுங்கள். அப்படியே இன்சூரன்ஸ் பாலிசியிலும் அந்த நிறுவனத்தின் பெயரை எடுக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் க்ளெய்ம் வரும்போது பணம் வாங்க அவர்களிடம் போய்க் கேட்டு நிற்க வேண்டியிருக்கும்.